வேட்பாளர் கடைசிவரை முகம் காட்டாத படம்: ‘நாஷ்வில்’ பற்றிப் பேசுவோம்

வணக்கம். சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று முதலிலேயே சோதித்துவிட்டேன். போன வீடியோவில் பாதி நேரம் மின்விசிறிதான் பேசியது. நீங்கள் திட்டியது நியாயம். இன்று அதை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேசப்போகும் படத்தில் காதுக்குத்தான் வேலை அதிகம் என்பதால் இந்தத் தியாகம்.

படம் ‘நாஷ்வில்’. 1975-இல் வந்தது. இயக்கியவர் ராபர்ட் ஆல்ட்மன், திரைக்கதை ஜோன் டியூக்ஸ்பரி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரமான நாஷ்வில்லில், கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமியப் பாணி இசையின் தலைநகரமும் அதுதான், ஐந்து நாட்கள் நடக்கும் கதை. முக்கியப் பாத்திரங்கள் இருபத்து நான்கு பேர். ஓடும் நேரம் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம். முடிவையும் சொல்லித்தான் பேசப்போகிறேன். படம் வந்து ஐம்பது ஆண்டாகிவிட்டது. இதற்கு மேலும் காக்கவைக்க முடியாது. பார்க்காதவர்கள் வேண்டுமானால் இங்கேயே நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். முதல் முறை பார்த்தபோது நாற்பது நிமிடத்தில் அணைத்துவிட்டேன். கல்யாண மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்ததுபோல எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் கதாநாயகன், யாரைப் பின்தொடர வேண்டும் என்று ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் முறை ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் இந்த நோட்டுடன் உட்கார்ந்தேன். காட்டுகிறேன், பாருங்கள். இடப்பக்கம் முழுக்கப் பெயர்கள். வலப்பக்கம் யாருக்கு யார் என்ன உறவு என்று கோடு போட்டிருக்கிறேன். இடைவேளை வரவேண்டிய இடத்துக்கு வருவதற்குள் அந்தப் பக்கம் சிக்கெடுக்காத நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் கோடு போடுவதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகுதான் படம் திறந்தது.

அந்த இரைச்சல் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அன்றைய வழக்கப்படி நடிகர்களின் தலைக்கு மேல் நீளக் கம்பில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, எல்லார் பேச்சையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். ஆல்ட்மன் குழுவில் ஒலிப்பதிவாளர் ஜிம் வெப் நடிகர்களின் உடைக்குள் தனித்தனிக் கம்பியில்லா மைக்குகளை வைத்து, எட்டுத் தடப் பதிவுக் கருவியில் ஒவ்வொரு குரலையும் தனித் தடத்தில் எடுத்தார். பிறகு எதை ஏற்றலாம், எதை இறக்கலாம் என்று மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் நடிகருக்குத் தன் பேச்சு படத்தில் வருமா வராதா என்று தெரியாது. ஆகவே அவர் நடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்தப் பதற்றமில்லாத கவனம் திரையில் தெரிகிறது.

இந்த இரைச்சலுக்கு நடுவே விடாமல் கேட்கும் ஒரு குரல் இருக்கிறது. என் நோட்டில் அதற்கு இருபத்தைந்தாம் எண் கொடுத்திருக்கிறேன். அது ஒரு வேன்.

படம் தொடங்கியவுடன் ஒரு கிடங்கின் கதவு திறக்கிறது. ஒலிபெருக்கி கட்டிய பிரச்சார வேன் வெளியே வருகிறது. வேட்பாளர் ஹால் ஃபிலிப் வாக்கர். கட்சியின் பெயர் மாற்றுக் கட்சி என்கிற பொருளில் வரும். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு நிற்கிறார். நாட்டுக்குப் புதிய வேர்கள் என்பது முழக்கம். அவருடைய பேச்சு நகரமெங்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாடாளுமன்றத்தில் பாதிக்கு மேல் வக்கீல்கள், அவர்களை வெளியேற்றவேண்டும் என்கிறார். தேவாலயங்களுக்கு வரி போடவேண்டும் என்கிறார். தேசிய கீதத்தை மாற்றவேண்டும், ஏனென்றால் அதை யாராலும் பாட முடியவில்லை என்கிறார். கேட்கும்போது கிறுக்குத்தனமாக இருக்கிறது. அடுத்த வாக்கியத்தில் இதில் தவறென்ன என்று நமக்கே தோன்றுகிறது. அந்தத் தோன்றல்தான் பயம்.

வாக்கரின் பேச்சை எழுதியதும் பேசியதும் மிசிசிப்பி மாநில நாவலாசிரியர் தாமஸ் ஹால் ஃபிலிப்ஸ். ஒரு உண்மையான வேட்பாளர் பேசுவதுபோல எழுதிக்கொள்ள அவருக்கு ஆல்ட்மன் சுதந்திரம் கொடுத்துவிட்டார். அதனால்தான் அது நையாண்டிபோல ஒலிக்கவில்லை. படத்தில் ஹோவர்ட் கே. ஸ்மித் என்ற நிஜமான தொலைக்காட்சிச் செய்தியாளர் தோன்றி, வாக்கரைப் பற்றி முகம் மாறாமல் விமர்சனம் செய்கிறார். கல்லூரி மாணவர்களிடம் வாக்கர் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்கிறார்: கிறிஸ்துமஸ் உங்களுக்கு ஆரஞ்சுப் பழ வாசனையாக இருக்கிறதா என்று. இதற்கு என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லை. ஆனால் ஆரஞ்சு வாசனை மூக்கில் ஏறிவிடுகிறது, இல்லையா?

இந்த வாக்கரை நாம் கடைசிவரை பார்ப்பதே இல்லை. குரல் உண்டு, சுவரொட்டி உண்டு, கார் வரிசை உண்டு. முகம் கிடையாது. அவருக்குப் பதிலாக ஊருக்குள் நடமாடுபவர் ஜான் ட்ரிப்லெட் என்ற ஏற்பாட்டாளர். மைக்கேல் மர்ஃபி நடித்திருக்கிறார். கச்சிதமான கோட்டு, மென்மையான புன்னகை. அவருக்கு வேலை ஒன்றே ஒன்று: பிரச்சாரக் கூட்டத்தின் மேடையில் பாடகர்களை ஏற்றவேண்டும். உள்ளூரில் ஆள் பிடித்துக் கொடுப்பவர் வக்கீல் டெல்பர்ட் ரீஸ். அது நெட் பீட்டி. வக்கீல்களைத் துரத்துவேன் என்று முழங்கும் வேட்பாளருக்கு ஊரில் கைத்தடி ஒரு வக்கீல். படம் இதைச் சுட்டிக்காட்டிக் கைதட்டல் கேட்கவே இல்லை. நீங்கள் கவனித்தால் உண்டு.

இப்போது நான் இந்த வீடியோவை எடுத்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். அரசியல் மேடையில் கலைஞர்கள் ஏறும் கதை என்றால், யாராவது ஒருவராவது நம்பிக்கையோடு ஏறுவார் என்று எதிர்பார்ப்போம். இந்தப் படத்தில் ஒருவர்கூட அப்படி ஏறவில்லை. ஒவ்வொருவரும் ஒரு சின்ன பேரத்தில் ஏறுகிறார்கள். அந்தப் பேரங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு சின்னவை என்பதைத்தான் ஆல்ட்மன் பொறுமையாகக் காட்டுகிறார்.

ஹேவன் ஹாமில்டனிடமிருந்து தொடங்குவோம். ஹென்றி கிப்சன் நடித்த மூத்த பாடகர். உயரம் குறைவு, கோட்டில் மினுமினுப்பு அதிகம். முதல் காட்சியில் இருநூறு ஆண்டு நிலைத்திருக்கிறோம் என்றால் ஏதோ சரியாகத்தானே செய்திருக்கிறோம் என்கிற பொருளில் ஒரு தேசபக்திப் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார். நீளமுடி வைத்த பியானோ வாசிப்பவர்மேல் கோபம் வந்து, போய் முடியை வெட்டிக்கொள் என்று விரட்டுகிறார். இவரிடம் ட்ரிப்லெட் கொள்கை பேசவில்லை. நீங்கள் இந்த மாநிலத்துக்கு ஆளுநராக நின்றால் வாக்கர் ஆதரிப்பார் என்று காதில் போட்டுவைக்கிறார். அவ்வளவுதான். ஹேவனின் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஏறி இறங்குகிறது.

ஒன்றைச் சொல்லவேண்டும்: இது கற்பனைக் கூத்து அல்ல. அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் தேர்தலில் நின்று ஜெயிக்கிறவர், மாநில அரசின் தலைவர். நியமனப் பதவி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பதவிக்கும் இந்த இசைக்கும் பழைய உறவு உண்டு. கன்ட்ரி பாடகர் ஜிம்மி டேவிஸ் லூசியானாவுக்கு இரண்டு முறை ஆளுநராக இருந்தார், 1944-இலிருந்து 48 வரை, மறுபடி 1960-இலிருந்து 64 வரை. டெக்சாஸில் மாவு வியாபாரியாக இருந்து, வானொலியில் மாவை விற்க இசைக்குழு வைத்துப் பிரபலமான டபிள்யூ. லீ ஓ’டேனியல், அந்தப் பாட்டுக் கூட்டத்தோடேயே ஊர் ஊராகப் போய் 1938-இல் ஆளுநர் தேர்தலில் வென்றார். 1941-இல் செனட் தேர்தலில், பின்னாளில் குடியரசுத் தலைவரான லிண்டன் ஜான்சனையே தோற்கடித்தார். டென்னசியிலேயே, கன்ட்ரி இசையின் பெரிய ஆள் ராய் ஏகஃப் 1948-இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார். கூட்டம் வந்தது பாட்டுக்கு. வாக்கு போனது வேறு பக்கம்.

ஏகஃப் பெயர் வந்துவிட்டது, ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்ற புகழ்பெற்ற வானொலி மேடை நிகழ்ச்சி 1974 மார்ச் 16 அன்று பழைய ரைமன் அரங்கிலிருந்து புதுக் கட்டடத்துக்கு மாறியது. திறப்பு இரவுக்கு வந்தவர் குடியரசுத் தலைவர் நிக்சன். வாட்டர்கேட் என்ற அரசியல் ஊழல் விவகாரம் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். அன்று அவர் மனைவி பேட் நிக்சனின் பிறந்தநாளும்கூட. மேடையில் பியானோ வாசித்தார். ஏகஃப் அவருக்கு யோயோ சுற்றக் கற்றுக்கொடுத்தார். நாட்டின் தலைவர் கையில் ஒரு யோயோ, சரியாகச் சுற்ற வரவில்லை, கூட்டம் ஆரவாரம் செய்கிறது. ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, பதவி விலகிப் போய்விட்டார். அந்தக் கோடையில்தான் ஆல்ட்மனின் குழு அதே நாஷ்வில்லில் படப்பிடிப்பு நடத்திக்கொண்டிருந்தது. படத்தில் வரும் ஓப்ரி மேடை அந்தப் புது மேடையேதான். முகமில்லாத வேட்பாளரை எங்கிருந்து பிடித்தார்கள் என்று இனி யாரும் கேட்கவேண்டாம்.

இந்த இடத்தில் நான் நம் ஊர் சினிமாவையும் அரசியலையும் பற்றி ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. கீழே நீங்களே சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த பேரம் பார்பரா ஜீன். ரோனி பிளேக்லி. ஊரின் செல்ல நட்சத்திரம். தீக்காயச் சிகிச்சை முடிந்து திரும்பி வருகிறாள், விமான நிலையத்திலேயே மயங்கி விழுகிறாள். கணவன் பார்னெட்தான் நிர்வாகி. அரசியல் மேடையா, என் மனைவி அதில் ஏறமாட்டாள் என்று ஆரம்பத்திலிருந்தே பிடிவாதமாக இருக்கிறான். ட்ரிப்லெட்டின் புன்னகை அவனிடம் செல்லவில்லை. அப்புறம் எப்படி ஏறினாள்?

ஓப்ரிலேண்ட் பூங்காவில் திறந்தவெளி மேடை. நல்ல வெயில். வெள்ளை உடையில் பார்பரா ஜீன் பாடுகிறாள். பாட்டு முடிகிறது. அடுத்த பாட்டுக்கு வாத்தியக்காரர்கள் தொடக்க இசையை வாசிக்கிறார்கள். அவள் பாடவில்லை, பேச ஆரம்பிக்கிறாள். சின்ன வயது ஞாபகம் ஏதோ. இசை நிற்கிறது. அவள் சரி என்கிறாள், மறுபடி வாசிக்கிறார்கள். மறுபடி பேச்சு. பாட்டியின் பொய்ப்பல், வானொலிக்கு ஏற்பப் பாட்டி அதைச் சொடுக்குவது, கோழிகள், அந்தக் கோழிகளின் சத்தத்தைத் தானே எழுப்பிக் காட்டுகிறாள். முதலில் கூட்டம் சிரிக்கிறது. பிறகு சிரிப்பு மெலிகிறது. வாத்தியக்காரர்களைப் பாருங்கள்: விரல் கம்பியின் மேல் இருக்கிறது, கண் அவள் முதுகில் இருக்கிறது, வாசிக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. இந்தப் பேச்சை எழுதியவர் பிளேக்லியேதான். கடைசியில் பார்னெட் வந்து கைத்தாங்கலாக அழைத்துப்போகிறான். காசு கொடுத்து வந்தவர்கள் கூச்சல் போடுகிறார்கள். அந்தக் கூச்சலை அடக்க அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறான்: நாளைக்குப் பார்த்தனானில் இலவசமாகப் பாடுவாள், எல்லோரும் வாருங்கள்!

பார்த்தனான் என்பது நகரப் பூங்காவில் நிற்கும் ஒரு பெரிய கட்டடம். அங்கே மறுநாள் நடப்பது வாக்கரின் கூட்டம்.

வேட்பாளர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏற்பாட்டாளர் விரலை அசைக்கவில்லை. ஒரு கணவனின் பதற்றத்தில் மீன் தானாக வலைக்குள் விழுந்துவிட்டது. மேடையில் அரசியல் பதாகை இருக்கக்கூடாது என்று பார்னெட் நிபந்தனை வைக்கிறான்; போய்ப் பார்த்தால் வாக்கரின் பெயர் பெரிதாகத் தொங்குகிறது. கத்துகிறான். கூட்டம் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

மூன்றாவதைப் பேச எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. சூலீன் கே, விமான நிலையச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவள். நடித்தவர் க்வென் வெல்ஸ். அவளுக்குப் பாடவே வராது. சுருதி என்பது அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவளுக்கு மட்டும் அது தெரியாது. வாக்கருக்கு நிதி திரட்ட ஆண்கள் மட்டும் கூடும் ஒரு இரவுக்கு அவளைப் பாட அழைக்கிறார்கள். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறாள். இரண்டு வரி பாடியதும் கூச்சல். அவர்கள் அழைத்தது பாட்டுக்கு அல்ல, உடையைக் கழற்ற. ஒத்துக்கொண்டால் நாளை பார்த்தனானில் பார்பரா ஜீனுடன் ஒரே மேடையில் பாடலாம் என்கிறார்கள். அவள் யோசிக்கிறாள். பிறகு உள்ளாடைக்குள் எடுப்புக்காகத் திணித்து வைத்திருந்த காலுறைகளை உருவிக் கூட்டத்தின்மேல் வீசுகிறாள். அவர்கள் குதூகலிக்கிறார்கள். அந்தக் காலுறைகள்... எனக்கு அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரவேண்டியிருந்தது. கேமரா அவளைப் பசியோடு பார்க்கவில்லை, அது ஒரு ஆறுதல். அன்றிரவே அவளுடைய நண்பன் வேட், உனக்குப் பாட வராது, கிளம்பி வந்துவிடு என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். படத்தில் யாரும் யாருக்கும் சொல்லாத உண்மை அது. அவள் கேட்பதாக இல்லை. நாளைக்கு மேடை இருக்கிறதே.

படத்தில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஜெரால்டின் சாப்ளின் நடித்த ஓபல், ஆவணப்படம் எடுக்க வந்த பிபிசிக்காரி என்று சொல்லிக்கொண்டு மைக்கை நீட்டியபடி திரிகிறவள், முதல் அரைமணி நேரம் சிரிப்பாக இருக்கிறாள். அதன் பிறகு தாங்கவில்லை. ஒரே நகைச்சுவையை ஏழு முறை பரிமாறுகிறார்கள். கடைசியில் சுடப்போகும் துப்பாக்கிக்காரனுக்கும் எழுத்தில் சதை குறைவு. இன்னொன்று, நாஷ்வில் இசைக்காரர்கள் பலருக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. பாடல்கள் பெரும்பாலும் நடிகர்களே எழுதியவை. எங்களைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தார்கள். பாதி நியாயம் அவர்கள் பக்கம். ஆனால் கீத் கேரடைன் எழுதிப் பாடிய ‘ஐம் ஈஸி’ சிறந்த பாடலுக்கான ஆஸ்கரை வாங்கியது, படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் அதுதான். அந்தக் காட்சியில் கிளப்பில் நான்கு பெண்கள் தனித்தனி மேசையில் உட்கார்ந்து அவன் தனக்காகவே பாடுகிறான் என்று நம்புகிறார்கள். கடைசி வரிசையில் லில்லி டாம்லின், டெல்பர்ட்டின் மனைவி லினியா, காது கேளாத இரண்டு குழந்தைகளின் தாய், அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கேமரா மெதுவாக அவரிடம் நெருங்குகிறது. முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை, எல்லாம் தெரிகிறது. இதைப் பற்றித் தனி வீடியோ போடலாம். போடுவேன்.

சரி, பார்த்தனான். ஏதென்சில் இருக்கிறதே அந்தக் கிரேக்கக் கோயில், அதன் முழு அளவு நகல் நாஷ்வில்லின் சென்டினியல் பூங்காவில் நிற்கிறது. 1897-இல் டென்னசியின் நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டியது. பிறகு 1920-களில் கான்கிரீட்டில் மறுபடி எழுப்பினார்கள். ஜனநாயகம் பிறந்த ஊரின் கோயிலுக்குக் கான்கிரீட் நகல், அதன் தூண்களுக்கு நடுவே ஒரு ராட்சத அமெரிக்கக் கொடி. வாக்கரின் கார்கள் வந்து நிற்கின்றன. அவர் இறங்கவில்லை. பார்பரா ஜீன் தன் பெற்றோரைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறாள். அது கிண்டல் இல்லாத பாட்டு, நெஞ்சைத் தொடுகிறது. படம் கன்ட்ரி இசையைக் கேலிதான் செய்கிறது என்பவர்களிடம் நான் நீட்டும் சாட்சி அதுதான். பாட்டு முடிகிறது. வயலின் பெட்டியோடு படம் முழுக்கச் சுற்றிய அந்த அமைதியான பையன், கென்னி, சுடுகிறான்.

வேட்பாளரைச் சுடவில்லை, பாடகியைச் சுடுகிறான். ஏன் என்று படம் சொல்லவில்லை. 1972-இல் பிரச்சாரக் கூட்டத்தில், குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஜார்ஜ் வாலஸ் சுடப்பட்டிருந்தார். இந்தப் படம் வெளியாகி மூன்று மாதத்தில், 1975 செப்டம்பரில், அதிபர் ஃபோர்டைக் கொல்ல இரண்டு முயற்சிகள் நடந்தன. அரசியல்வாதியைச் சுடுவார்கள், பாட்டுக்காரியை யார் சுடுவார்கள் என்று அன்று கேட்டிருக்கலாம். 1980 டிசம்பரில் பீட்டில்ஸ் குழுவின் பாடகர் ஜான் லெனன் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டார்.

குண்டடிபட்ட கையோடு ஹேவன் மைக்கைப் பிடிக்கிறார். டோப்பா நழுவிக் கிடக்கிறது. இது டல்லாஸ் இல்லை, நாஷ்வில், யாராவது பாடுங்கள் என்று கத்துகிறார். டல்லாஸ் என்றால் அதிபர் கென்னடி சுடப்பட்ட ஊர். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் அந்த நொடியில் போய்விட்டது. ரத்தம் வழிகிறது, தலை மொட்டையாகத் தெரிகிறது, கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற கவலை மட்டும் இருக்கிறது. ஆளுநராவதற்காகத்தான் அப்படிச் செய்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாக்கரின் கார்கள் எப்போதோ கிளம்பிவிட்டன.

மைக் கைமாறிக் கைமாறி ஆல்புகர்க்கி என்ற பெண்ணிடம் வருகிறது. பார்பரா ஹாரிஸ். கணவனிடமிருந்து தப்பி, கிழிந்த காலுறையோடு, பாடகியாகும் கனவில் ஐந்து நாளாக நகரம் முழுக்க அலைந்தவள். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை என்கிற பாட்டைத் தடுமாறித் தொடங்குகிறாள், குரல் ஏறுகிறது, பின்னால் நற்செய்திப் பாடகர் குழு சேர்ந்துகொள்கிறது, கூட்டம் சேர்ந்துகொள்கிறது. இப்போதுதான் ஒருத்தி செத்துக்கொண்டிருந்த மேடை. குழந்தைகள் கைதட்டிப் பாடுகிறார்கள். கேமரா மேலே தூக்கி வானத்தைப் பார்க்கிறது.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கும் கால் தாளம் போடுகிறது. அதுதான் தொந்தரவு. இந்த முறை நான் கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், அப்படியும் நிற்கவில்லை.

இன்னொரு விஷயம். அந்த மேடை ஓரத்தில் சூலீன் நிற்கிறாள். வாக்குக் கொடுத்தபடி அழைத்துத்தான் வந்திருக்கிறார்கள். அவள் முறை வருவதற்கு முன்பே துப்பாக்கி வெடித்துவிட்டது; மைக் அவளைத் தாண்டிப் போய்விட்டது. எல்லோரும் ஆல்புகர்க்கியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஓரத்தில் அவளைத் தேடுங்கள்.